கயிற்றின் நீளம்

தரகர் கோ மியோ முதலில் சொன்ன கணக்கு இது:
மாடி ஏற ஏற விலை இறங்கும்.
தரைத்தளம் நகைக்கடைக்காரர்களுக்கு,
இரண்டாவது டாக்டர்களுக்கு,
ஏழாவது உங்களைப் போன்றவர்களுக்கு.
அதைச் சொல்லும்போது
எங்கள் செருப்புகளைப் பார்த்தார்.

டல்லாவில் ஒரு மனையும் இருந்தது.
ஆற்றைத் தாண்டி, மூங்கில் நட்டு,
மூலைக்கு மூலை சிவப்புத் துணி கட்டிய
நாற்பதுக்கு அறுபது.
ஞானசிகாமணி குந்தி உட்கார்ந்து
மண்ணை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தான்.
அவனுக்குப் பிடித்துவிட்டது.
நான் கேட்டது ஒன்றுதான்:
கடைசிப் படகு எத்தனை மணிக்கு?
படகுக்காரன் சிரித்தான்.
எனக்குக் கடையில் வேலை முடிவது எட்டரைக்கு.

கையில் இருந்தது
மூன்று சீட்டு எடுத்த பணம்,
அவன் மலேசியாவில், கையுறைத் தொழிற்சாலையில்
நான்கு வருடம் நின்றே சேர்த்தது,
என் ஆறு வளையல்.
வளையலைப் பற்றி அவன் பேசவில்லை.
பேசாமல் இருந்தே கேட்டுவிட்டான்.

இருபத்தொன்பதாம் தெரு, ஏழாம் மாடி.
நூற்றுப் பதினெட்டுப் படி,
வளைவுக்கு வளைவு வெற்றிலைக் கறை.
வீடு ஒரு ரயில் பெட்டி:
முன்னால் ஒரு ஜன்னல், பின்னால் ஒன்று,
நடுவில் பகலிலேயே ராத்திரி.
முன் கம்பியிலிருந்து ஒரு கயிறு
தெரு வரைக்கும் தொங்கியது,
மேலே சின்ன மணி, கீழே துணிக் கிளிப்.
பேப்பர், ரொட்டி, கீரைக்கட்டு
எல்லாம் அதில்தான் ஏறுமாம்.
"கயிறு விலையில் சேராது" என்றாள் விற்கிறவள்.
விளையாட்டா நிஜமா, தெரியவில்லை.

தரகர் முன்னால் பேச முடியாது.
அவன் காதில் மட்டும் சொல்லிவிட்டு இறங்கினேன்:
கீழே போய் யோசிக்கிறேன்.
மணி ஒரு தரம் என்றால் சரி,
இரண்டு தரம் என்றால் வேண்டாம்.

தெருவில் நின்று அண்ணாந்தேன்.
எல்லா ஜன்னலிலிருந்தும் கயிறு.
இதில் நம்முடையது எது?
நம்முடையது என்று நினைத்துவிட்டேன்
என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.
எட்டிப் பிடித்து இழுத்தேன்.
மூன்றாம் மாடியில் மணி அடித்தது.

ஈரத்தலையில் துண்டோடு ஓர் அம்மா எட்டிப் பார்த்தார்.
மீன்காரியா என்று பர்மியத்தில் கேட்டு,
என் நெற்றியைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார்.
"வீடு பாக்க வந்தீங்களா? ஏழாவதா?
அஞ்சுக்கு மேல தண்ணி ஏறாதும்மா.
ராத்திரி ரெண்டு மணிக்குக் கரண்ட் வரும்,
எழுந்து மோட்டார் போட்டா உண்டு.
இல்லன்னா குடம்தான்.
அவ சொல்லியிருக்க மாட்டாளே?"

சொல்லவில்லை.
திரும்ப நூற்றுப் பதினெட்டு.
மூச்சு வாங்க, தண்ணீர் என்ற ஒரு சொல்லைச் சொன்னேன்.
பதினைந்து லட்சம் இறங்கியது.
விற்கிறவள் முகமும்தான்.

ஒப்பந்தம் என் பெயரில்.
ஞானசிகாமணியின் அட்டை
பதினோரு வருடமாக விசாரணையில் இருக்கிறது.
என் அட்டையில் நான் கின் சந்தா.
பள்ளிக்கூடத்தில் போட்ட பெயர்,
யாராவது கூப்பிட்டால் நானே திரும்ப மாட்டேன்.
"கின் சந்தா வீட்டில்
எனக்கு ஒரு மூலை கிடைக்குமா?" என்றான்.
பாதிதான் சிரித்தான்.
மீதியை நான் கேட்கவில்லை.
படி இறங்கும்போது
என் கைப்பையை வாங்கி அவன் தோளில் போட்டுக்கொண்டான்.

திங்கட்கிழமைதான் கையெழுத்து.
அதுவரை அந்த வீடு அவளுடையது,
வளையல் என்னுடையது.
ஆனாலும் பஸ்ஸுக்கு நிற்கிற இடத்தில்
ஒரு கயிற்றுக்கடை.
"எத்தனையாவது மாடி?" என்றான் கடைக்காரன்.
ஏழு என்றால் ஐம்பது முழமாம்.
கயிற்றுக்கு மட்டும்
மேலே போகப் போக விலை ஏறுகிறது.

நீல நைலான். மணி ஒன்றை
ஞானசிகாமணி காதருகே ஆட்டிப் பார்த்து எடுத்தான்.
"அம்பத்தஞ்சா வெட்டுங்க" என்றேன்.
அங்கே தொங்குகிற கயிற்றுக்கு
நான் குதிகாலைத் தூக்க வேண்டியிருந்தது.