சாவி மீன்கடையில் கிடைக்கும்

தியேட்டரைப் பார்க்க வேண்டுமா?
சாவி இங்கேதான், தராசுக்குப் பின்னால்.
கையெல்லாம் செதில். பொறுங்கள், துடைத்துக்கொள்கிறேன்.

புன்டா அமார்கா. கசப்பு முனை என்று அர்த்தம்.
கசந்தது தண்ணீரா, தண்ணீர் இல்லாததா
என்ற வழக்கு இன்னும் தீரவில்லை.
சிலேயின் இந்த மூலையில்
மழையை நான் இரண்டே முறை பார்த்திருக்கிறேன்.
இரண்டாம் முறை, கொடியில் கிடந்த துணியை எடுக்க
யாருக்கும் தோன்றவில்லை.
என்னவென்று புரிவதற்குள் நின்றுவிட்டது.

கதவைத் தோளால் தள்ளுங்கள்.
எழுநூறு நாற்காலி இருந்தது. பதினொன்று மிச்சம்.
மற்றதெல்லாம் அடுப்புக்குப் போனது.
மேடையில் நாய் படுத்திருந்தால் எழுப்ப வேண்டாம்,
அதன் பெயர் சொப்ரானோ.
மிலானிலிருந்து வந்து பாடினார்கள் என்பான் இலாரியோ.
எனக்குத் தெரிந்து வந்தது
லீமாவின் வித்தைக்காரன் ஒருவனும் இரண்டு புறாவும்.
பலகைக்கு அடியில் கடல் மோதுவது மட்டும் மெய்.
பாடுகிறவள் மூச்சிழுக்கும் இடைவெளியிலெல்லாம்
அது புகுந்துகொண்டதாம்.

வெடியுப்பு மூட்டை ஒன்று ஆளைவிடக் கனம்.
அதை முதுகில் சுமந்து
ஆடும் பலகையில் படகுக்கு ஓடியவன் புளோரென்சியோ சோக்கே.
கடற்கரைப் பெயர்ப்பலகையில் அவன் இல்லை,
கம்பெனிகள் இருக்கின்றன.
ஐரோப்பாவின் கோதுமைக்கும் பீரங்கிக்கும்
இங்கிருந்துதான் தீனி போனது.
பிறகு குளிர்தேசத்தில் யாரோ
காற்றிலிருந்தே உப்பெடுக்கக் கற்றுக்கொண்டார்கள்.
காற்று!
கப்பல்கள் போனபின் எங்களுக்கும் மிஞ்சியது அதுதான்.

மணிக்கூண்டு ஏழு நிமிடம் முந்தி ஓடும்.
இலாரியோதான் சாவி கொடுக்கிறான், வேண்டுமென்றே முந்தி வைக்கிறான்,
மதியப் பேருந்தை யாரும் தவறவிடக் கூடாதாம்.
அதில் ஏறிப் போனவர்கள்
திரும்பி வந்து இன்னும் நன்றி சொல்லவில்லை.

பழைய சிறை இப்போது விடுதி.
மஞ்சள் சுண்ணாம்பு, காலைச் சிற்றுண்டி சேர்த்து வாடகை.
பதிவேடும் என்னிடம்தான்.
மூன்றாம் அறையில் குழாய் கெட்டுக் கிடக்கிறது என்பேன்.
ஒன்பது வருடமாகச் சொல்கிறேன்.
குழாய் நன்றாகத்தான் ஓடுகிறது.
அங்கே ஓர் அக்டோபரில் என் மாமன் நிக்கனோர்
சுவரில் நகத்தால் படகொன்று கீறத் தொடங்கினார்.
முன்பாதி இருக்கிறது.
வெள்ளையடிக்க ஆள் வரும் நாளில் நானும் போய் நிற்பேன்.
அந்த ஒரு சாணை விட்டுவிட்டு அடிப்பார்கள்.
ஏனென்று கேட்டதில்லை.

சதுக்கத்து மரங்களை யாரும் படமெடுப்பதில்லை.
சுமையில்லாக் கப்பல் கவிழாதிருக்க
அடியில் நிரப்பி வந்த மண், ஹாம்பர்க்கோ கார்டிஃபோ,
யாருடைய வயலோ.
இங்கே கொட்டினார்கள். மரம் அதில் நிற்கிறது.
அந்த மண்ணில் மட்டும் புழு உண்டு.
ரோமினாவின் மகன் தோண்டித் தூண்டிலில் கோப்பான்,
மீன் விழுந்து விழுந்து கடிக்கும்.
நீங்கள் இப்போது தின்பதும்
அப்படி மாட்டியதாக இருக்கலாம்.

நாலு மணிக்குள் சாவி வந்துவிடட்டும்.
போன தடவை ஒருத்தி அதை அரீகா வரை கொண்டுபோய்
தபாலில் அனுப்பினாள்,
எலுமிச்சம்பழம் ஒன்றும் கூடவே.
நாலு என்றால் கூண்டின் நாலு இல்லை,
என்னுடைய நாலு.