ஒற்றை மேற்கோள்

மூன்று நாளாய் ஒரே அலை.
ஒன்றே கால் மீட்டர்.
நானூற்றுப் பதினேழு போன்களுக்கு
அதே குறுஞ்செய்தி, அதே தசமப் புள்ளி.

ததேயுஸ் அண்ணன்தான் கூப்பிட்டார்
குளச்சல் துறைமுகச் சுவரில் நின்றுகொண்டு:
"எனக்க கண்ணு முன்னால ரெண்டாள் பொக்கத்துக்கு அடிக்குது பிள்ளே,
உனக்க கம்ப்யூட்டரு எந்தக் கடலப் பாக்குது?"

இரவு ஒன்றரை. ஏலக்கூடத்துக்கு மேலே சங்க அலுவலகம்.
கீழே ஐஸ் உடைக்கிறார்கள்.
எனக்கு முன் இருந்தவன் எழுதிய பெர்ல்,
நூற்றெண்பது வரி, ஒரு குறிப்புகூடக் கிடையாது.
ரெஜின் இப்போது தோஹாவில். அங்கே மணி பதினொன்று.
எடுக்கவில்லை.

முதலில் டேட்டாபேஸைப் பிடித்தேன்.
லோக்கல்ஹோஸ்ட் என்றிருந்ததை எண்ணாக மாற்றினேன்,
பின்வாசலை விட்டு முன்வாசலில் தட்டுவதுபோல.
இரண்டும் திறந்தன.
போர்ட் சரி, பயனர் சரி, அட்டவணை சரி.
கடைசி வரிசையில் ஞாயிற்றுக்கிழமைத் தேதி.
அதற்குப் பின் யாரும் அதன் கையில் எதுவும் கொடுக்கவில்லை.
ஒரு மணி நேரம்
நிரபராதியை விசாரித்திருக்கிறேன்.

பிறகுதான் கோப்பைப் பார்த்தேன்.
தினமும் இறங்கியிருக்கிறது.
தினமும் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பைட்.
திறந்தால் அலை இல்லை.
'பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தருக.'
வாசற்கதவைக் கழற்றிவந்து
கடல் என்று பெயரிட்டுச் சேமித்திருக்கிறது ஸ்கிரிப்ட்.

கடவுச்சொல்லை ஞாயிறு மாலை மாற்றியது நான்தான்.
மறக்காதிருக்க: அலை, ஒரு அட் குறி, குளச்சல்.
அனுப்புமுன் அதை அச்சிடச் சொன்னேன்.
திரையில்

அலை

என்று மட்டும் வந்தது.
குளச்சலைக் காணவில்லை.

இந்த ஊரில் பிறந்தவள் பார்க்கக் கூடாத வரி.
கீபோர்டிலிருந்து கையை எடுத்தேன்.
ஜன்னலைச் சாத்தினேன். திரும்பத் திறந்தேன்.

இரட்டை மேற்கோளுக்குள் அட் குறி வந்தால்
பெர்லுக்கு அது ஒரு பட்டியல்.
குளச்சல் என்றொரு பட்டியலைத் தேடிப் போய்,
உள்ளே ஒருவரும் இல்லையென்று கண்டு,
அந்த வெறுமையை அலைக்குப் பின்னால் ஒட்டிவிட்டது.
முனகக்கூட இல்லை.
எச்சரிக்கைகளை ரெஜின் எப்போதோ அணைத்து வைத்திருந்தான்.

இரண்டு கொம்பில் ஒன்றை ஒடித்தேன், இருபுறமும்.
ஓட்டினேன்.
எண்பத்தாறு கிலோபைட்.
மூன்று புள்ளி நான்கு மீட்டர். கள்ளக்கடல்.
வள்ளங்கள் இறங்க வேண்டாம்.

மூன்று பத்துக்குக் கீழே
ஐஸ் பெட்டிகளுக்கிடையே
ஒரு போன் கூவியது, பிறகு இன்னொன்று,
பிறகு என்னுடையது:
"இத நான் நேத்தே சொன்னம்லா."