விளக்கறை

மூன்றடிக்கப் பத்து நிமிடம்.
எழுந்து உட்கார்ந்திருப்பது நானில்லை, உடம்பு.
நான் பின்னாலேயே மெதுவாக வந்து சேர்கிறேன்,
பேருந்தைத் தவறவிட்டவளைப்போல.

உள்ளே யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.
திறந்தால் சொல்ல
அவர்களிடம் சேதி எதுவும் இல்லை.

முதலில் அலமாரியைப் பார்க்கிறேன்.
ரிப்னிக்கில் குடியிருப்பவர்கள் எல்லோரும்
முதலில் அதைத்தான் பார்ப்போம்.
காலடியில் என்றோ வெட்டியெடுத்த வெற்றிடம்
எங்காவது சரிந்து உட்கார்ந்தால்
கண்ணாடிக் கோப்பைகள் ஒன்றையொன்று தொடும்.
தொடவில்லை.
சுவர் விரிசலும்
போன வருடம் நான் பென்சிலால் இழுத்த கோட்டிலேயே
நிற்கிறது.

சரி, நிலம் இல்லை. அடுத்தது வயிறு.
ஹெர்ரிங் மீன், பச்சை வெங்காயம், ஊறிய வெள்ளரி.
"ஏழு மணிக்குமேல் புளிப்பு வேண்டாம்மா" என்பாள் ரோமானா
ஒவ்வொரு தொலைபேசியிலும்.
நேற்று வெறும் ரொட்டிதான் தின்றேன்.
நேற்றும் இதே மூன்றடிக்கப் பத்து.

மருத்துவர் ஷிமிச்செக் பொறுமைசாலி.
தைராய்டு என்றார், ரத்தம் எடுத்தார், இல்லை என்றார்.
தூக்கத்தில் மூச்சு நிற்கலாம் என்று
மூக்கில் குழாய், விரலில் கவ்வி மாட்டி
ஓர் இரவு முழுக்க இயந்திரத்தை விழித்திருக்க வைத்தார்.
அன்றைக்குப் பார்த்து
கட்டைபோலத் தூங்கினேன்.
கடைசியில் வயது என்றார்.
வேறெங்கும் மாட்ட முடியாததையெல்லாம்
மாட்டிவைக்கும் கொக்கி அது.

கொக்கி.

இருபத்தாறு வருடம் விளக்கறையில் இருந்தேன்.
இறங்குகிறவன் பித்தளை வில்லையைக் கொடுப்பான்,
நான் விளக்கைக் கொடுப்பேன்.
ஏறி வந்தால் விளக்கு எனக்கு, வில்லை அவனுக்கு.
அவ்வளவுதான் வேலை.
முகம் பார்க்க நேரமிருக்காது. கைகளைத் தெரியும்:
கட்டைவிரலில் நகம் இல்லாதது 118,
மோதிரத்தைக் கழற்ற மறந்து திட்டு வாங்குவது 305.

ஒரு பிப்ரவரி. இரண்டு மணிக்கு ஏறும் பணி.
கடைசிக் கூண்டும் வந்து காலியாகி
ஈர பூட்ஸ் சத்தமெல்லாம் குளியலறைக்குப் போனபின்
பலகையில் ஒரு வில்லை மட்டும் தொங்கியது.
412.
தொலைபேசியில் எண்ணை மட்டும் சொன்னேன்.
பெயரைச் சொன்னால் அது ஆளாகிவிடும்.
மேலே பார்த்தேன்: மூன்றடிக்கப் பத்து.

நான்கு மணிக்கு வந்தான் அலோய்ஸ்.
பம்பு அறையில், வெந்நீர்க் குழாயில் சாய்ந்து
தூங்கிப்போனானாம்.
சம்பளத்தில் பிடித்தார்கள்.
எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.
விளக்கை வாங்கி வைத்தேன், வில்லையைக் கொடுத்தேன்.
கணக்கு நேராயிற்று.

சுரங்கம் மூடி ஒன்பது வருடம்.
அலோய்ஸ் புது முழங்காலோடு புறா வளர்க்கிறான்.
சனிக்கிழமைச் சந்தையில் பார்த்தால்
"என்ன ட்ரூடா, தூக்கமெல்லாம் எப்படி?" என்கிறான்,
வேறெதையும் நினைக்காமல்.

மருத்துவரிடம் இதைச் சொல்லவில்லை.
யாரும் சாகாத ஓர் இரவை
எந்தக் கட்டத்தில் எழுதுவார்?
சொல்லாததற்கு இன்னொன்றும் இருக்கிறது.
அதே வருடம் இலையுதிர் காலத்தில், நான் விடுப்பிலிருந்த வாரம்,
இரண்டு வில்லைகள் உண்மையிலேயே மிஞ்சின.
சவப்பெட்டிகளுக்குப் பின்னால் நடந்தேன்.
மெழுகுவர்த்தி வாங்கினேன்.
அவர்களுக்காக ஓர் இரவுகூட
நான் இப்படி விழித்ததில்லை.

இதுவும் காரணமாக இல்லாமல் போகலாம்.
கீழ்வீட்டுக் குளிர்ப்பெட்டி இந்நேரம்தான்
ஒரு குலுக்கலோடு நிற்கும்.

தண்ணீர் குடித்துவிட்டு நிற்கும்போது
அலமாரியில் கோப்பைகள்
மெல்ல, பல் நடுங்குவதுபோல,
தொட்டுக்கொள்கின்றன.
மாடியில் விளக்குப் போடுகிறார்கள். குழந்தை அழுகிறது.

நான் போய்ப் படுத்துக்கொள்கிறேன்.
இது வெறும் பூமி.