நகைக்கடன் பிரிவு, தேவகோட்டை

டோக்கன் பதினேழு.
உரைகல்லில் ஒரு கோடு இழுத்து
அமிலம் ஒரு சொட்டு விட்டார்
மதிப்பீட்டாளர் வயிரவன்.
"எந்த வருசத்து உருப்படி ஆச்சி?"

தெரியாது என்றேன். சிரிப்பு வந்தது.
பதினோரு வருடமாக என் பிழைப்பே
கல்லிடம் வயது கேட்பதுதான்.

தங்கத்திடம் மட்டும் கேட்க முடியாது.
அதற்குள் சிதைந்து வேறாக மாறுவது எதுவும் இல்லை.
அதை நம்பித்தானே நீங்களும் கடன் கொடுக்கிறீர்கள்.
மலை மடங்கிய காலத்தில்
விரிசல் வழியே வெந்நீரோடு ஏறிவந்து
குவார்ட்சில் ஒட்டிக்கொண்டது,
தேதி போடாமல்.

ஆகவே சாட்சி தேடுவோம்.
அதே வெந்நீரில் பக்கத்தில் விளைந்த
மோனசைட், ரவை அளவு.
அதனுள் தோரியம் ஈயமாகிறது,
ஒரு தவணையும் தவறாமல்.

பெக்மடைட்டின் சங்கதி வேறு.
பாறைக்குழம்பு இறுகிய பிறகு மிஞ்சிய கடைசிச் சாறு.
அதில்தான் முழங்கை நீளப் படிகங்கள்.
என் வழக்கு இவ்வளவுதான்:
தங்க இழை பெக்மடைட்டை வெட்டிப் போகிறது,
ஆகவே பிந்தி வந்தது.
எவ்வளவு பிந்தி?
மூன்று கோடி ஆண்டு என்கிறேன்.
ஒரே மூச்சில் வந்தவை என்கிறார் கட்டுரையைத் திருத்தியவர்.
இன்னும் பன்னிரண்டு மணிகளை அளந்தால் தெரியும்.
ஆய்வகம் முன்பணம் கேட்கிறது.
பல்கலைக்கழகம் "பரிசீலனையில்" என்கிறது.

கழுத்திரு அல்ல இது, பயப்படாதீர்கள்,
அது அம்மா பெயரில் லாக்கரில்.
இது வெறும் இரட்டைவடம்.
எத்தனை முறை உருக்கியதோ,
எந்தெந்த மலையோ என் கழுத்தில்.

"முப்பத்தொண்ணு புள்ளி ரெண்டு.
அரக்குக்கு ஒரு கிராம் கழிச்சுக்கறேன்."
கழியுங்கள்.
படிகம் பிறக்கும்போதே கூட வந்த ஈயத்தை
நாங்களும் கழிப்போம்,
இல்லாவிட்டால் கல் தன் வயதைக் கூட்டிச் சொல்லும்.

"அப்ப கல்லு வயசைக் கரெக்டா சொல்லிருவீங்க?"
முன்னே பின்னே நாற்பது லட்சம் இருக்கும்.
"நாப்பது லட்சமா!"
கவுண்டரே திரும்பிப் பார்த்தது.
ரூபாய் இல்லை, வருடம் என்றேன்.
யாருக்கும் அப்புறம் அக்கறை இல்லை.

ரப்பர் முத்திரை இறங்கியது.
வைத்த நாள். மீட்கும் நாள்.
நடுவில் ஓர் ஆண்டு, அதற்கு ஒன்பதரை சதம்.

வெளியே பேருந்து நிலையம் வரைக்கும் மட்டமான செம்மண்,
கண்ணுக்கெட்டிய தூரம் மேடில்லை.
ரசீதை மாதிரிப் பைக்குள் வைத்தேன்,
டி-9 என்று எழுதிய கல்லோடு.
நனைந்துவிடக் கூடாது,
இரண்டும்.