மூணாறு தலைப்பில் முகவரி போட்ட நாள்

மேட்டூர் திறந்து பதினோரு நாள்.
ஸ்விட்ச் பெட்டியை எங்கே மாட்டட்டும் என்றேன்.
"தண்ணி ஏறாத உசரத்துல" என்றார் லஸ்கர் காத்தமுத்து.
விரல் காட்டிய சுவரில்
ஏதோ ஒரு வெள்ளத்தின் பழுப்புக் கோடு.
அதற்கு ஒரு சாண் மேலே துளை போட்டேன்.

நான்கு எண், இடையில் மூன்று புள்ளி.
எண்ணுக்கு எட்டு ஷட்டர்.
தூக்கினால் ஒன்று, இறக்கினால் சைபர்.
எட்டையும் தூக்கினால் இருநூற்று ஐம்பத்தைந்து,
அதற்கு மேல் கரை தாங்காது.

முதல் ஷட்டர் இறங்கியிருந்தால் ஏ வகுப்பு:
ஊருக்கு ஒரு எண், வீட்டுக்கு மூன்று.
ஒரு கோடியே அறுபத்தேழு லட்சம் மனை.
ஒற்றைக் கம்பெனிக்கு
அப்படியே பட்டா எழுதிய காலம் உண்டு.
பி வகுப்புக்குப் பாதிக்குப் பாதி.
சி என்றால் மூன்று எண்ணும் ஊருக்கே போய்விடும்,
மிச்சம் இருநூற்று ஐம்பத்து நாலு வீடு.
டி-யில் வீடே இல்லை,
காது கொடுத்தவர்களுக்கெல்லாம் கேட்கிற தண்டோரா.
ஈ, அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கிய தரிசு.

காத்தமுத்து பீடியைக் காதில் செருகினார்.
"இங்கயும் ஏ, பி, சி, டி வாய்க்கால் இருக்கு சார்.
ஏ-யும் பி-யும் சர்க்கார் வெட்டும்.
டி-ய நாங்களே வெட்டிக்கணும்."

வகுப்பையெல்லாம் எடுத்துவிட்டார்கள் என்றேன்,
தொண்ணூற்று மூன்றிலேயே.
இப்போது முகவரிக்கு ஒரு முகமூடி.
எதுவரை ஊர், எதிலிருந்து வீடு என்று
அதுதான் சொல்லும்.

"எடுத்தது கடைமடை வரைக்கும் போச்சா?"

பதில் தேடுவதற்குள் போன்.
தலைஞாயிறு பக்கமிருந்து ஏ.ஈ. பர்வீன்:
"கேஜ் பெட்டி வச்சு ரெண்டு மணி நேரம் ஆச்சு.
உங்களுக்கு அளவு வருதா இல்லையா?"

வரவில்லை.
தலைப்பைச் சோதித்தேன்.
நூற்று இருபத்தேழைக் கூப்பிட்டால்
தன்னைத் தானே கூப்பிட்டுக்கொண்டு
நலம், நலம் என்றது.
கம்பி சரி. விளக்கு பச்சை.
முகமூடியில்தான்
ஒரு ஷட்டர் கூடத் தூக்கியிருந்தேன்.
சைபர் இருக்க வேண்டிய கடைசி எண்
நூற்று இருபத்தெட்டு.
ஒரே ஊரைக் குறுக்கே வெட்டி
இருபதாம் வீட்டுக்கு
நூற்று நாற்பதாம் வீட்டை
அந்நியமாக்கி வைத்திருந்தேன்.

யாரும் சொல்லவில்லை. கைப்பழக்கம்.

இறக்கினேன்.
மூன்று நொடி.
திரையில் கடைமடையின் முதல் எண்:
0.00

பெட்டி கெட்டிருக்குமோ என்று
மறுபடி கேட்டேன்.
0.00
பர்வீன் போனைத் தரைப்பக்கம் பிடித்தாள் போல,
காய்ந்த கோரையில் காற்று கேட்டது.
"சரியாத்தான் காட்டுது" என்றாள்.

காத்தமுத்து அந்தச் சைபரை
நோட்டில் நேரம் போட்டு எழுதினார்.
பிறகு கீழே, இங்கே,
ஷட்டர் பல்லில் மோதித் திரும்பும் தண்ணீரைப் பார்த்தார்.
"உத்தரவு வரணும்" என்றார்,
கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டே.