இணைப்பு: ஒன்று

ஐயா,
இது ஒன்பதாவது மனு.
பாரிமுனையில் தட்டச்சு செய்யும் மெஹருன்னிசா
என்னைக் கண்டதும்
"முன்னாள் நாயக் எத்திராஜுலு" என்று
கேட்காமலே தொடங்கிவிடுகிறாள்.

சான்று கேட்டீர்கள்.
கள மருத்துவமனைப் பதிவேடு
செல்லரித்துப் போனதென்று எழுதியதும் நீங்கள்தான்.
என்னைத் தூக்கி வந்த குர்பச்சன்
அந்த இரவைத் தாண்டவில்லை.

இரும்பு இன்னும் தொடையில் இருக்கிறது.
வியாசர்பாடிக்கு மழை வருவதை
வானிலைக்காரர்களுக்கு முன்பே சொல்லிவிடும்.

"அரைமணி வேலை, எடுத்துவிடலாம்"
என்கிறார் ஸ்டான்லி டாக்டர்.
எடுத்தால் கிண்ணத்தில் டங்கென்று விழும்;
அப்புறம் எதைக் காட்டுவேன்?

பணம் வேண்டாம்.
வேட்டியை விலக்கிக் காட்டாமல்
சட்டையில் குத்திக்கொள்ள ஒன்று.

இணைப்பு: எக்ஸ்ரே.
பார்த்துவிட்டு மடிக்காமல் திருப்பி அனுப்பவும்.
போன தடவை மடித்திருந்தீர்கள்.
கோடு
சரியாக இரும்பின்மேல் விழுந்திருக்கிறது.