கணவாயில் மணி என்ன

இந்த ஊர்க்காரி ஆகப் பன்னிரண்டு மாதம் வேண்டும்.
ஆகிவிட்டோம் என்று சொல்பவர்களின் கோப்புகள்
என் மேசைக்கு வரும்.
மிஸூலா, பதிவாளர் அலுவலகம், இரண்டாம் மாடி,
ஹீட்டரை ஒட்டிய நாற்காலி.

வெளிமாநிலம் என்றால் கட்டணம் மூன்று மடங்கு.
உள்ளூர் என்றால் ஒரு மடங்கு.
இடையில் இருப்பது ஒரு ரப்பர் முத்திரை,
அதன் கைப்பிடியில்
என் பெருவிரல் தேய்த்த பள்ளம்.

சிக்னே லாட்டினென். வயது பத்தொன்பது.
சொந்த ஊர் ஐடஹோவில் வாலஸ்,
வெள்ளிச் சுரங்கத்து ஊர்.
ஓட்டுநர் உரிமத்தை வந்த மூன்றாம் நாளே மாற்றியிருக்கிறாள்.
காரின் நம்பர் பலகையும் மொன்டானாவுடையது.
வாக்காளர் அட்டை உண்டு. வாடகை ஒப்பந்தம் உண்டு.
யாரும் கேட்காத மீன்பிடி உரிமமும் இணைத்திருக்கிறாள்,
ஓரத்தில் பென்சிலில்:
"மீன் பிடிக்கத் தெரியாது. இனிமேல்தான்."
பேக்கரியின் சம்பளச் சீட்டில் மாவு ஒட்டியிருந்தது.
ஊதினேன். கண்ணில் விழுந்தது.

அப்பாவின் வருமான வரிப் படிவம், நகல்.
என்னைச் சார்ந்து வாழ்வோர் என்ற கட்டத்தில்
எவருமில்லை என்று எழுதியிருக்கிறார்.
பேனாவை அழுத்திய அழுத்தத்தில்
நகலிலும் கறுப்பாய் ஒரு தழும்பு.
அப்படி எழுதினால்தான் மகள் தனிக்குடி.
அப்படி எழுதினால்தான் மூன்று ஒன்றாகும்.

பிறகு அவள் கடிதம்.

ஜனவரியில் கூரைப் பனியை வாரித் தள்ளும்போது
அவர் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு.
போனாள்.
எவருமில்லை என்று எழுதிய மனிதரை
அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்
கழிப்பறைக்கு நடத்திப் போனாள், நாளுக்கு ஐந்து முறை.
யார் யாரைச் சார்ந்தவர் என்று கேட்க
என் படிவத்தில் கட்டம் கிடையாது.

நாள் கணக்குக்கு மட்டும் கட்டம் உண்டு.
முப்பது நாள் வெளியே இருக்கலாம்.
முப்பத்தொன்று என்றால்
பன்னிரண்டு மாதமும் கரைந்து, முதலிலிருந்து.

முப்பதாம் நாள் இரவு பத்து ஐம்பத்திரண்டுக்கு
வாலஸ் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி,
அவர் தலைமாட்டில் வைத்துவிட்டுப் புறப்பட்டிருக்கிறாள்.
ரசீது இருக்கிறது.
கணவாயைத் தாண்டி, மொன்டானாவின் முதல் பெட்ரோல் பங்கில்
ஒரு காப்பி. அதற்கும் ரசீது.
நள்ளிரவு தாண்டி மணி பன்னிரண்டு நாற்பது.

அவளே இரண்டையும் ஒரே குண்டூசியில் குத்தி அனுப்பியிருந்தாள்.
மறைத்திருக்கலாம். காப்பி குடிக்காமலே இருந்திருக்கலாம்.

கணவாயின் உச்சியில் எல்லை.
எல்லையில் காலம் ஒரு மணி நேரம் தாவுகிறது.
அந்தப் பக்கம் பதினொன்றேகால் என்றால்
இந்தப் பக்கம் பன்னிரண்டேகால்.
பனியில் ஊர்ந்து ஊர்ந்து
அவள் ஊர் சேர்ந்த அந்த நேரத்தில்
ஐடஹோவில் முப்பதாம் நாள் முடியவில்லை,
மொன்டானாவில் முப்பத்தொன்று பிறந்து
கால் மணி ஆகியிருந்தது.

விரல்விட்டு எண்ணினேன். காலண்டரில் எண்ணினேன்.
மதிய உணவுக்குப் போய் வந்து மறுபடி எண்ணினேன்.
நான் ஒஹாயோவில் பிறந்தவள்.
இருபத்தாறு வருடத்துக்கு முன் ஒருத்தனை நம்பி வந்தேன்,
அவன் போய்விட்டான், நான் போகவில்லை.
என்னிடம் யாரும் ரசீது கேட்டதில்லை.

புறப்பட்ட மண்ணின் கடிகாரமா,
வந்து சேர்ந்த மண்ணின் கடிகாரமா?
விதிப் புத்தகம் வாய் திறக்கவில்லை.

முப்பது என்று எழுதினேன்.
இவள் மொன்டானாக்காரிதான் என்று நிரூபிக்க
ஐடஹோவின் மணியை நம்ப வேண்டியிருந்தது.
மேலதிகாரி கேட்டால் இதையே சொல்வேன்.
கேட்கும் ஆள்தான் அவர்.

முத்திரை சரியாக விழவில்லை, ஒரு பக்கம் மங்கல்.
இன்னொரு முறை குத்தினேன்.
மீன்பிடி உரிமத்தை மட்டும் தனியே எடுத்து
உறையில் போட்டுத் திருப்பி அனுப்பினேன்,
ஆறு உறைவதற்குள் தேவைப்படும்.